முதல் நிமிடத்தின் துணை

ஊர்தியில் பற்றும் தீ, பெரும்பாலும் சிறு பொறியாகவே தொடங்குகிறது. அது தணிவதும் பெருந்தீயாக வளர்வதும் முதல் ஓரிரு நிமிடங்களில் முடிவாகிவிடும். தீயணைப்பு ஊர்தி அதற்குள் வந்து சேர்வது அரிது. தனியார் ஊர்திகளிலும் தீயணைப்பான் தேவைப்படுவது இதனால்தான்.

எரிபொருள், உயிர்வளி, வெப்பம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் தீ பிறக்கிறது. மகிழுந்தின் எந்திரப் பகுதியில் இம்மூன்றும் அருகருகே உள்ளன. எரிபொருள் குழாயில் விழும் சிறு வெடிப்பும், உறை தேய்ந்த கம்பியின் மின்கசிவும் தீக்கு வழிவகுக்கும்.

எரியும் பெட்ரோலின்மீது நீரை ஊற்றுதல் தவறாகும். நீரைவிட அடர்த்தி குறைந்த பெட்ரோல், அதன்மேல் மிதந்து தீயையும் பரப்பும். எனவே, மகிழுந்துக்கு ஏ.பி.சி. வகை உலர்தூள் தீயணைப்பான் ஏற்றது. அதிலுள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் தூள், எரிதலின் வேதிவினைத் தொடரை அறுத்துத் தீயைத் தணிக்கிறது. பெல்ஜியம், போலந்து, கிரீஸ் முதலிய நாடுகளில் மகிழுந்துகளில் தீயணைப்பான் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயமாகும்.

எனினும், கருவியை வாங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பயணப்பைகளுக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பான் உரிய நேரத்தில் கைக்கு எட்டாது. அதனை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில், அசையாதவாறு பொருத்துதல் வேண்டும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என அவ்வப்போது பார்த்தல் நன்று.

புகை தோன்றினால் ஊர்தியை ஓரமாக நிறுத்தி, எந்திரத்தை அணைத்து, அனைவரையும் தொலைவிற்கு அனுப்புதல் முதற்பணி. 112 என்னும் எண்ணுக்கு உடனே தகவல் தருதல் அடுத்தது. தீ சிறிதாக இருந்தால் மட்டுமே அணைக்க முயல வேண்டும். எந்திர மூடியை முழுவதும் திறந்தால் காற்று புகுந்து தீ ஓங்கும். எனவே, சிறு இடைவெளி வழியே தூளைச் செலுத்துதல் நலம். ஊசியை உருவி, குழலைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும்.

ஒரு கிலோ தீயணைப்பானின் தூள் ஏறத்தாழ பத்து நொடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் தீ அடங்காவிடில் விலகிச் செல்வதே அறிவுடைமை. மின் ஊர்தியின் மின்கலத்தில் பற்றிய தீயை உலர்தூளால் அடக்க இயலாது. அதனைக் குளிர்விக்க மிகுதியான நீர் வேண்டும். அங்கு விலகி நிற்றலே முதற்கடமை.

ஆகவே, தீயணைப்பான் இருக்கும் இடத்தையும், அதனை இயக்கும் முறையையும், கைவிட வேண்டிய தருணத்தையும் பயணம் செய்வோர் அனைவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். எரிந்த ஊர்திக்கு மாற்று உண்டு, உயிருக்கு இல்லை.