திறப்பு விழாவில் நகத்தை எண்ணுபவர்கள்

காட்டுயிர் ஓவியக் கண்காட்சிக்கு முதல்முறையாகப் படம் தேர்வான ஓவியர்கள் திறப்பு விழா நெருங்கும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன உடுத்திக்கொண்டு போவது? எதையாவது உடுத்துங்கள். செருப்பு மட்டும் கடிக்காததாக இருக்கட்டும். மாலை முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

கவலைப்பட வேண்டியது வருகிற கூட்டத்தைப் பற்றி. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஒரு சாதாரணக் குழுக் கண்காட்சி என்றால், வருபவர்கள் வண்ணம், பாணி என்று பேசிவிட்டுப் போவார்கள். சுவரில் இருப்பது யானையும் இருவாச்சியும் என்றால் வேறு ஆட்களும் வருவார்கள். ஓய்வுபெற்ற வனத்துறையினர், விடிகாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நிற்கிற பறவை ஆர்வலர்கள், காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள். இவர்கள் உங்கள் தூரிகை வீச்சைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் நகத்தை எண்ணுவார்கள்.

ஆசிய யானைக்குப் பெரும்பாலும் முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு. ஆப்பிரிக்க யானையின் போட்டோவை வைத்து வரைந்துவிட்டு ‘முதுமலை’ என்று தலைப்பு வைத்தால், நகம் வரைக்கும் போகவே வேண்டாம். குழிந்த முதுகும் அகன்ற காதும் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய இருவாச்சியில் ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளுப்பு. மரப்பொந்துக்குள் அடைந்து முட்டையை அடைகாப்பது பெண். பொந்துக்குள்ளிருந்து அலகை நீட்டுகிற பறவைக்குச் சிவப்புக் கண் வைத்திருந்தீர்களானால், அந்த மாலை முழுக்க அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஃப்ரேம் போடக் கொடுப்பதற்கு முன்பே விலங்கு தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிவிடுங்கள். இன்னொரு ஓவியரிடம் காட்டுவது இதற்கு உதவாது.

அடுத்து, “இதை நேர்ல பாத்தீங்களா?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பார்க்கவில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் போல ஒரு புரவலர் வாய்ப்பதில்லை. கோவாவிலிருந்து வந்த வான்கோழியைப் பார்த்து வியந்து, 1612இல் அதை ஓவியமாக்கச் சொன்னவர் அவர். அவருடைய அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் வான்கோழி இன்றும் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் போட்டோதான். ஆனால் அந்த போட்டோ யாருடையது? இணையத்தில் கிடைத்தது என்பது பதில் ஆகாது. புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, லேபிளிலேயே அவர் பெயரைப் போடுங்கள். எடுத்தவரே அன்றைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடும். அந்த வட்டாரம் அவ்வளவு சின்னது.

தூரிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீரி முடித் தூரிகை நுணுக்கமாகக் கோடு போடும் என்று இன்னமும் ரகசியமாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கீரியைக் கொன்று எடுத்த முடியால் புலியைக் காப்பாற்றச் சொல்லிப் படம் வரைவதைப் போன்ற கேலிக்கூத்து வேறில்லை. செயற்கை இழைத் தூரிகைகளில் இப்போது நல்லவை கிடைக்கின்றன.

விழா எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை. உரை நீளும், சமோசா ஆறும். அந்த நேரத்தில் உங்கள் படத்தை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். வந்தவர் பார்த்து முடிக்கட்டும். அவர் திரும்பி உங்களைத் தேடினால் பேசலாம், தேடாவிட்டால் விட்டுவிடுங்கள். பேசும்போது தத்துவம் வேண்டாம். எந்த இடம், எந்த மாதம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, இவ்வளவு போதும். “ஆனைமலையில, தேயிலைத் தோட்டத்து ஓரமா, மழை விட்டதும் சிங்கவால் குரங்கு ஒண்ணு உடம்ப உலர்த்திக்கிட்டு இருந்துச்சு” என்று சொன்னால் கேட்பவர் மறுபடியும் படத்தைப் பார்ப்பார்.

பணப் பேச்சை அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கேலரிக்குக் கமிஷன் எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். காட்டுயிர்க் கண்காட்சிகளில் விற்ற தொகையில் ஒரு பங்கு பாதுகாப்புப் பணிக்குப் போவது வழக்கம். நல்ல வழக்கம்தான். டேவிட் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ஓவியர் ஒரு புலிப் படத்தின் அச்சுப் பிரதிகளை விற்று, 1973இல் தொடங்கிய இந்தியாவின் புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு நிதி திரட்டிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பங்கு கேலரியின் கமிஷனிலிருந்து போகிறதா, உங்கள் கைக்கு வர வேண்டியதிலிருந்தா, எந்த அமைப்புக்கு, ரசீது உண்டா என்பதெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை. மேடையில் அறிவித்த பிறகு கேட்டால் நீங்கள்தான் கஞ்சன் ஆவீர்கள். விழாவில் யாராவது நேரடியாகப் பேரம் பேசினால் கேலரிக்காரரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மற்றவர்களுடைய படங்களை அன்று பார்க்க முயலாதீர்கள், தலைகள்தான் தெரியும். மறுநாள் காலை கூடம் காலியாக இருக்கும்போது போங்கள். போகும் வழியில், முந்தைய மாலை உங்கள் படத்தில் தப்பு கண்டுபிடித்தவருக்கு போன் போட்டு, அடுத்த முறை காட்டுக்குப் போகும்போது கூட வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டியவர்களுக்கு அப்புறம் நிதானமாக நன்றி சொல்லிக்கொள்ளலாம்.