பழைய காரின் கார்புரேட்டரைச் சீராக்குவோமா?

மாணவர்களே, பாடாங் மேஹா பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்து மோரிஸ் மைனர் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பொறி வருகிறது. இன்ஜின் பற்றுகிறது. ஆனால் கரும்புகை கக்கி, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பெட்ரோல் வாடை வேறு! சந்தேகம் முதலில் கார்புரேட்டர் மேல்தான் விழும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவையைக் கணினி இல்லாமல் தயாரிப்பதே கார்புரேட்டரின் வேலை. இந்தக் காரில் இருப்பது எஸ்.யூ. வகை. 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம் அது. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இதை உருவாக்கினார்கள். முதல் கார்புரேட்டர்களில் தோலால் ஆன துருத்தி இருந்தது என்றால் வியப்பென்ன!

பின்னர் துருத்தியின் இடத்தில் பிஸ்டன் வந்தது. இன்ஜின் காற்றை இழுக்கும்போது பிஸ்டனுக்கு மேலுள்ள அறையில் அழுத்தம் குறைகிறது, பிஸ்டன் உயர்கிறது. அதன் அடியில் உள்ள கூரிய ஊசியும் கூடவே உயர்ந்து, 'ஜெட்' என்னும் சிறு குழாயின் வாயைச் சற்று அதிகமாகத் திறக்கிறது. காற்று விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்ற பெர்னோலி தத்துவத்தை இயற்பியல் பாடத்தில் படிக்கிறீர்கள் அல்லவா? அது இங்கே வேலை செய்கிறது. பெட்ரோல் 'உறிஞ்சப்படுகிறது' என்பார்கள். உண்மையில், மிதவை அறையில் உள்ள வளிமண்டல அழுத்தமே அதை மேலே தள்ளுகிறது.

இப்போது பழுதைத் தேடுவோம். இந்த ஜெட்டின் உள்விட்டம் 0.090 அங்குலம், அதாவது 2.286 மி.மீ. ஊசியின் தடித்த மேல்முனை 0.089 அங்குலம், அதாவது 2.261 மி.மீ. இரண்டுக்கும் இடையே உள்ள வளைய வடிவ இடைவெளியின் பரப்பைக் கணக்கிடுங்கள். ஏறக்குறைய 0.089 சதுர மி.மீ. வரும். ஊசி நடுவில் நிற்காமல் ஆண்டுக்கணக்கில் உரசியதால் ஜெட் 0.091 அங்குலமாகத் தேய்ந்தது என்று கொள்வோம். மறுபடி கணக்கிட்டால் 0.180! தேய்ந்தது 0.025 மி.மீ.தான், தலைமுடியை விட மெல்லியது. பெட்ரோலுக்கான வழியோ இரண்டு மடங்காகிவிட்டது. கரும்புகைக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை.

ஆகவே ஜெட்டும் ஊசியும் புதிதாக வேண்டும். கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ உள்ள உதிரிபாகக் கடையில் "மோரிஸ் மைனருக்கு" என்று மட்டும் கேட்டால் போதாது. 1956-இல் வந்த 948 சிசி இன்ஜினுக்கு எச்2 கார்புரேட்டர். 1962-இல் வந்த 1098 சிசி இன்ஜினுக்கு எச்.எஸ்.2. இரண்டின் ஜெட் அமைப்பும் வேறு. மூடியின் திருகில் தொங்கும் சிறிய உலோகத் தகட்டில் உள்ள எண்ணே சரியான அடையாளம். உடற்பகுதியில் புடைத்திருக்கும் எண் வார்ப்பு எண். அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஊசியின் தண்டில் பொறித்த எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நீளத்தில் இருக்கும் இரண்டு ஊசிகளின் சரிவு வேறாக இருக்கும். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் இன்றும் எஸ்.யூ. பாகங்களைத் தயாரிக்கிறது என்பதால் தேடல் வீண்போகாது.

பிஸ்டனையும் அதன் அறையையும் மட்டும் வேறொரு கார்புரேட்டரிலிருந்து தனித்தனியாக எடுத்து மாட்டாதீர்கள். அவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. அழுக்கிருந்தால் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது.

அடுத்தது மிதவை. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மோரிஸ் மைனரில் கார்புரேட்டர் இருக்கும் பக்கத்திலேயே சூடான புகைக்குழாயும் இருக்கிறது. மிதவை அறை நிரம்பி வழிந்தால் தீப்பிடிக்க வழியுண்டு. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது ஈயம் பற்ற வைத்தால் வெடிக்கும். புதியதை வாங்குவதே நல்லது. இந்த வேலைகளைப் பெரியவர் ஒருவருடன், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும்.

மிதவை சரியாக இருந்தும் வழிகிறதா? ஊசி வால்வில் துரும்பு சிக்கியிருக்கும். வால்வை மாற்றிய மறுவாரமே மீண்டும் வழிந்தால், பெட்ரோல் தொட்டியின் துருவைத் தேடுங்கள். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் தொட்டியின் துரு போகாது!

மாட்டும்போது ஜெட்டை மேலே ஏற்றி, பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் ஊசி உரசுகிறது. ஜெட்டைத் தளர்த்தி நடுவில் நிறுத்துங்கள். மேல் மூடியைத் திறந்து மெல்லிய இன்ஜின் எண்ணெய் ஊற்ற மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் முடுக்கும்போது பிஸ்டன் திடீரென உயர்ந்து, காற்று கூடி, இன்ஜின் திணறும்.

கடைசியில் இன்ஜின் சூடானதும் பிஸ்டனை 0.8 மி.மீ. அளவு உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். ஜெட் நட்டை ஒரு முகம் மேலே திருப்புங்கள். இன்ஜின் அணைந்தால் பெட்ரோல் குறைவு, கீழே திருப்புங்கள். ஒரு கணம் சற்றே கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால், நட்டை அப்படியே விட்டுவிடலாம்.