அடங்காத தாத்தாவைத் தேட

அடங்கிக் கிடந்தவரைவிட அடங்காதவரைத் தேடுவது எளிது. அவர்மீதுதான் கோப்பு திறந்திருப்பார்கள். காஜாங் தோட்டத்துக் கொள்ளுத்தாத்தா ‘ஓடிப்போனவர்’ என்று வீட்டில் பேச்சிருந்தால், கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளையும், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களையும் பாருங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரே வீராசாமி ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

குடும்ப மானத்தைக் கிளறுவானேன் என்பார்கள். குற்றம் எது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 1910-இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிற்பதற்கு முன், ஒப்பந்தக் கூலி தோட்டத்தைவிட்டுப் போவதே குற்றம். பிறகு மரியாதை கேட்பதும் குற்றமாயிற்று: தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று; அந்த வேலைநிறுத்தத்தின் தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். கோப்பெல்லாம் துரைமார் எழுதியதுதானே என்ற சந்தேகம் நியாயம்தான். துரையின் புகார் என்றே அதைப் படியுங்கள்; தேதி, தோட்டம், கூலி விவரங்களைக் குறித்துக்கொண்டு வசைச்சொல்லை விட்டுவிடுங்கள்.