மோட்டார் காயில் கருகுவது ஏன்?

தாம்பரத்தை அடுத்த படப்பை, மணிமங்கலம் பக்கத்து விவசாயிகள் கவனிக்க: மின்கம்பம் ரோட்டோரம், கிணறு நிலத்துக் கோடியில் என்றால் மெல்லிய ஒயர் ஆகாது.

ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 230 வோல்ட், கிணற்றடியில் 200, கரண்ட் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் குறைந்தது 30 வோல்ட். அதை 10 ஆல் வகுத்தால் ஒயரின் தடை 3 ஓம். பெருக்கினால் 300 வாட். அவ்வளவும் ஒயரைச் சுடவைக்கவே போகிறது. விவசாய மின்சாரம் இலவசம்தான். காயில் கட்டும் கூலி இலவசமல்லவே! வோல்டேஜ் குறைந்தால் அதே சுமைக்கு மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் இரட்டித்தால் காயிலில் சூடு நான்கு மடங்கு.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 4 ஆக மாற்றினால் தடை சுமார் 1.1 ஓமுக்கு இறங்கும். மெயின் போர்டிலேயே 200 தான் என்றால் ஒயரை மாற்றிப் பயனில்லை. மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுங்கள்.