டிசம்பர் 26-க்கு அப்புறம்

காசிமேட்டில் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடலில் பால் ஊற்றிப் பூ போடுவாங்க. 2004-ல் சுனாமி வந்த நாள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் நம்ம பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு வரவே வராத ஒரு தாயை நினைச்சுப் பாருங்க. இத்தனை வருஷமா கடல் தெரியாத தெருவாகப் பார்த்துச் சுத்திப் போறாங்க. பிள்ளை பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. "மறந்துடும்மா" என்பதுதான் எல்லாரும் சொல்லும் வைத்தியம்.

துக்கம் நோய் இல்லை. ஏக்கம் குறையாமல் நீண்டு, அன்றாட வாழ்க்கையையே முடக்கினால்தான் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்காவின் டிஎஸ்எம், பெரியவர்களுக்கு 12 மாதம். ஊர் வழக்கத்தையும் பார்க்கணும். வருஷத் திதி முடியும்வரை விசேஷத்துக்குப் போகாதவரை நோயாளி என்று எழுதிவிட முடியாது.

சிகிச்சை, மறக்கச் சொல்வதற்கு நேர் எதிர். கேதரின் ஷியர் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில் சுமார் 16 அமர்வுகள். சாவுச் செய்தி வந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலச் சொல்லணும். அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்கணும். கேட்கவே கொடுமையா இருக்குல்ல? ஆனா ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும், அதை ஓரமா எடுத்து வைக்கவும் ஆலோசகர் பழக்குகிறார். அப்புறம் தவிர்த்த இடங்கள்: முதலில் தெருமுனை, பிறகு ஒருநாள் கரை. இறந்தவரோடு கற்பனையில் பேசுவதும் உண்டு. கூடவே, தனக்கென்று ஏதாவது ஓர் ஆசையை மறுபடி தொடங்கணும். 2016-ல் வெளியான ஷியரின் ஆய்வில், மனச்சோர்வு மாத்திரை மட்டும் துக்கத்தைப் பெரிதாக அசைக்கவில்லை.

உடலே கிடைக்காத வீடுகளில் கதை வேறு. அங்கே "செத்துட்டார்னு ஒத்துக்கோ" என்று ஆலோசகர் வற்புறுத்தக் கூடாது. பாலின் பாஸ் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். வருவாரோ என்ற நினைப்பும் வரமாட்டார் என்ற நினைப்பும் சேர்ந்தே இருக்கலாம்.

இதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை. நாம வீட்டில் முயற்சி பண்ணக் கூடாது. ஆனா சுனாமிக்குப் பிறகு சென்னையில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவை இழந்தவர்களோடு பேசியதே பலன் தந்ததை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஆய்வாக எழுதியிருக்கிறார். உங்க ஃப்ரெண்டு வீட்டில் இப்படி யாராவது இருந்தா, அந்தப் பிள்ளை எப்படி இருப்பான்னு கேளுங்க. அவங்க பேசினா உட்கார்ந்து கேளுங்க. சமாளிக்க முடியலைன்னா டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பாங்க.