ஜன்னலுக்கு மோட்டார்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மும்பையிலும் புறநகர்களிலும் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் நம் சங்க அன்பர்கள் சிலர், வீட்டைப் புதுப்பிக்கும்போது விளக்கு, விசிறியோடு ஜன்னலையும் தானியங்கியாக்க விரும்புகிறார்கள். பகலில் தனியே இருக்கும் பெரியவர்கள் எக்கி நின்று ஜன்னலை இழுக்க வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் திடீரென மழை கொட்டினால் அது தானே மூடிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் கடைக்குப் போனால், செல்போனில் எப்படி இயக்குவது என்றே விளக்குவார்கள். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: மின்சாரம் இல்லாதபோது இந்த ஜன்னல் என்ன செய்யும்?

பழைய கைகாட்டியின் கம்பி அறுந்தால், கை தானாகவே ‘நில்’ என்ற நிலைக்கு வந்துவிடும். பெட்டிகளுக்கு இடையே பிரேக் குழாய் பிரிந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். பழுது ஏற்பட்டால் ஆபத்தில்லாத பக்கம் சாய வேண்டும் என்பது எங்கள் விதி. ஜன்னல் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்கு அது மூடியிருக்க வேண்டும். புகைக்கும் காஸ் கசிவுக்கும் திறந்திருக்க வேண்டும். ஆகவே கையால் திறக்கும் வழி கட்டாயம் தேவை. ஸ்லீப்பர் பெட்டியில் கம்பி இல்லாத, சிவப்புச் சாயம் பூசிய அவசர ஜன்னலைப் பார்த்திருப்பீர்களே, அதைப்போல.

சமையலறையில் இது உயிர்ப் பிரச்சினை. காஸ் கசிந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சிறு பொறி போதும், தீப்பிடிக்க. மோட்டாரால் மட்டுமே திறக்கும் ஜன்னல் அந்நேரம் சுவருக்குச் சமம். எனவே சமையலறை ஜன்னலுக்கு மோட்டார் வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற அறைகளுக்குக் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. வகை: வெளியே கிரில் இருந்தால், வெளிப்புறம் திறக்கும் கதவு சரிப்படாது. பக்கவாட்டில் நகரும் ஜன்னலே பொருந்தும். அதற்குப் பெல்ட் வகை மோட்டார் உண்டு. உயரத்தில் உள்ள சிறு ஜன்னலுக்குச் சங்கிலி வகை ஏற்றது. கிரில்லிலும் திறக்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் தீ விபத்தில் ஜன்னல் திறந்தும் வெளியேற வழியிராது.

2. எடை: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ இருக்கும். 1.2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கதவில் 5 மி.மீ. கண்ணாடி 15 கிலோ. இரட்டைக் கண்ணாடியானால் 30 கிலோ. சட்டத்தின் எடை தனி. நகரும் ஜன்னலில் மோட்டார் இந்த எடையைத் தூக்குவதில்லை. சக்கரங்களின் உராய்வைத்தான் வெல்ல வேண்டும். ஆகவே கையால் தள்ளினாலே சிக்கும் ஜன்னலில் மோட்டாரைப் பொருத்தாதீர்கள். முதலில் தடத்தைச் சுத்தம் செய்து, தேய்ந்த சக்கரங்களை மாற்றுங்கள்.

3. காற்று: இந்தியத் தர விதிகளின்படி மும்பைக்குரிய அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,160 நியூட்டன் விசை விழும். அதாவது ஏறக்குறைய 118 கிலோ எடை சாய்ந்து நிற்பதற்குச் சமம். இதைத் தாங்க வேண்டியவை சட்டமும் தாழ்ப்பாளும். மோட்டாரின் மெல்லிய சங்கிலியை நம்பக்கூடாது.

4. மின்சாரம்: 230 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் மோட்டார்கள் கிடைக்கின்றன. மழைச்சாரல் படும் இடத்துக்கு 24 வோல்ட் பாதுகாப்பானது. பாட்டரி இணைப்பதும் எளிது. பூச்சு வேலைக்கு முன்பே வயருக்கான குழாயைப் பதித்துவிடுங்கள். இன்டர்நெட் நின்றாலும் சுவர் ஸ்விட்சில் ஜன்னல் இயங்க வேண்டும்.

5. விரல் பாதுகாப்பு: மூடும்போது தடை ஏற்பட்டால் மோட்டார் நின்று பின்வாங்க வேண்டும். சுருட்டிய செய்தித்தாளை இடையில் வைத்துச் சோதியுங்கள். செய்தித்தாள் நசுங்கினால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அந்த மோட்டார் ஆகாது.

6. கை விடுவிப்பு: சங்கிலி வகையில், சங்கிலி நுனியை ஜன்னலோடு பிணைக்கும் ஊசியைக் கருவியின்றிக் கழற்ற முடிய வேண்டும். பெல்ட் வகையில், பிடியைத் தளர்த்தியதும் கதவைக் கையால் தள்ள முடிய வேண்டும். சில மாடல்களில் இந்த வசதி இராது. விலை குறைவு என்று அவற்றை வாங்காதீர்கள்.

பொருத்தி முடிந்ததும், மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே வலுக் குறைந்தவரை, பாட்டியானாலும் சரி, பேத்தியானாலும் சரி, ஜன்னலைக் கையால் திறக்கச் சொல்லுங்கள். அவர் திறந்துவிட்டால் பாக்கித் தொகையைக் கொடுக்கலாம்.