உடைமையும் பேணலும்
(ஒரு பழைய மோட்டார் வண்டியைப் பற்றிய ஆராய்ச்சி)

முன்னுரை

'உடை' என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள் தரும். 'உடையேன்' என்னுமிடத்து அது பொருளுக்கு உரியனாதலைக் குறிக்கும். 'உடைந்தது' என்னுமிடத்து அப்பொருள் சிதைதலைக் குறிக்கும். இவ்விரண்டும் ஓரடியிற் பிறந்தனவா, அன்றி ஒலியால் மட்டும் ஒத்தனவா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறுவாராக. எம்போன்ற மாணாக்கர்க்கு இவ்வொற்றுமையே ஒரு பாடமாக அமைகின்றது. நாம் உடைய பொருள் யாதாயினும் அது நாள்தோறும் சிறிது சிறிதாக உடைந்துகொண்டே வருகின்றது. அதனைத் தடுக்கும் தொழிலுக்கே பேணுதல் என்று பெயர். பேணாதவன் ஒரு பொருளைப் பெற்றவனாவான், உடையவன் ஆகான்.

இவ்வுண்மையை யான் வகுப்பறையிற் கற்றிலேன். பந்தல்குடியில் எங்கள் வீட்டின் பின்புறத்து வேப்பமரத்தடியில், ஒரு பழைய மோட்டார் வண்டியின் கீழே மல்லாந்து கிடந்து கற்றேன். ஆதலின், பழைய வண்டி ஒன்றை உடையனாயிருத்தல் யாது, அதனைப் பேணும் முறை யாது என்னும் இரண்டினையும், அவ்வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

வண்டியின் மரபு

இங்கிலாந்தில் கவெண்டிரி நகரத்து ஸ்டாண்டர்டு–டிரையம்பு கம்பெனியார் 1959-ஆம் ஆண்டில் 'டிரையம்பு ஹெரால்டு' என்னும் சிறுவண்டியை வெளியிட்டனர். அதற்கு உருவம் வகுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அக்காலத்துப் புதிய வண்டிகள் பல, உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு வந்தன. ஆனால் இக்கம்பெனிக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஆலை போட்டிக் கம்பெனியார் கைக்கு மாறிவிட்டமையால், இவர்கள் தனியே ஓர் அடிச்சட்டம் அமைத்து, அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட்டு கொண்டு முடுக்கும் முறையைக் கையாண்டனர். இடையூற்றால் நேர்ந்த அவ்வமைப்பே பின்னர் நன்மையாயிற்று. பகுதிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, வேற்று நாட்டில் ஒன்றுகூட்டுதல் எளிதாயிற்று.

சென்னைக்கு அணித்தாகிய வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா கம்பெனியார், 1961-ஆம் ஆண்டு முதல் இதனை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரால் செய்து விற்றனர். அதன் இயந்திரம் 948 கன சென்டிமீட்டர் அளவினது. 1960-களின் பிற்பகுதியில், நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்ப நான்கு கதவுகளுடைய வண்டியும் செய்யப்பட்டது. பின்னர் வந்த 'கேசல்' என்னும் வண்டி 1977 வரையில் சிறுதொகையாக வெளிவந்தது. 1980-களில் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் வண்டியை வெளியிட்ட பின்னர், அக்கம்பெனி மோட்டார் வண்டி செய்தலையே நிறுத்திவிட்டது.

ஹெரால்டுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1962-இல் அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரத்தக்க, மேல்திறந்த விரைவோட்ட வண்டி ஒன்றை அக்கம்பெனியார் செய்தனர். அதுவே 'ஸ்பிட்பயர்' என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 91½ அங்குலம்; ஸ்பிட்பயருக்கோ 83 அங்குலம். 1980 வரையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்பயர் வண்டிகள் செய்யப்பட்டன. அவை நம் நாட்டில் செய்யப்பட்டதில்லை. எனினும், முன்சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகள் இரண்டிற்கும் ஒரே குடும்பத்தன. ஆதலின், ஸ்பிட்பயரைப் பேணும் அன்பர்க்கென இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படும் சிறுபொருள்களுட் பல, வண்டலூரிற் பிறந்த வண்டிக்கும் பொருந்துகின்றன. தாய்வீடு மூடப்பட்ட பின்னரும் எங்கள் வண்டி உயிரோடிருப்பது இவ்வுறவினாலேயாம்.

எங்கள் வண்டி

எங்களது 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இருகதவு ஹெரால்டு. பருத்தி வாணிகஞ் செய்த என் பாட்டனார் அதனைப் பழையதாகவே வாங்கினார். அருப்புக்கோட்டைச் சந்தைக்கும், திருச்சுழிக்கும், ஞாயிறுதோறும் ஆலயத்துக்கும் அது சென்றுவந்தது. அவர் காலமானபின் பல்லாண்டுகள் கொட்டகையில் நின்றது. பழைய இரும்பு வாங்குவோர் எடைக்கு விலைபேசி வந்தபோது என் சிறிய தந்தையார் இசையவில்லை. தம் தந்தையின் கைபட்ட சக்கரத்தைத் தராசில் ஏற்ற அவர்க்கு மனம் வரவில்லை.

அவர் வண்டிக்குப் புது வண்ணம் பூசுவித்தார். இருக்கைகளுக்கு உறை தைப்பித்தார். முகத்தகடுகளை முகம் தெரியுமாறு துலக்கினார். எண்ணெயிட வேண்டிய இடங்களுக்கெல்லாம் கிரீஸ் துப்பாக்கியால் தாமே கிரீஸ் ஏற்றினார். எல்லாம் முடிந்ததென்று எண்ணி, சென்ற ஆண்டு ஒருநாட் காலை சிறிய தாயாரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டார். தெருவைக் கடந்து பெருஞ்சாலையை அணுகித் திரும்புமிடத்து, மெல்லச் சென்றுகொண்டிருந்த வண்டியின் வலப்புற முன்சக்கரம் சடுதியில் உள்மடங்கிற்று. முன்னங்காலை மடக்கிப் படுக்கும் எருதுபோல் வண்டி தரையிற் சாய்ந்தது. எவருக்கும் காயமில்லை. மதுரையினின்று தூத்துக்குடி செல்லும் அச்சாலையில் எந்நேரமும் லாரிகள் விரைந்து ஓடும். இன்னும் ஒரு பர்லாங்கு சென்றபின் இது நேர்ந்திருக்குமாயின், இக்கட்டுரையை எழுத யான் இருந்திரேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த முதிய மெக்கானிக் ஒருவர், ஒடிந்த துண்டைத் துணியால் துடைத்துச் சிறிய தந்தையாரிடம் காட்டினார். "தம்பி, இங்கே கிரீஸ் போட்டீர்களா? இது எண்ணெய் குடிக்கிற இடம், கிரீஸ் உள்ளே போகாது" என்றார். அவர் கூறியதன் விளக்கம் வருமாறு: ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். அம்முனை 'டிரன்னியன்' என்னும் வெண்கலத் துண்டினுள் திருகி நிற்கும். வண்டி திரும்புந்தோறும் மரை சிறிது சுழலும். ஆண்டு முழுதும் அம்மரைகளுக்கிடையே நீர்போல் ஓடி நனைக்கவல்லது கெட்டியான கியர் எண்ணெயே. கிரீஸோ வாயிலிலேயே உறைந்து நின்றுவிடும். உள்ளே எஃகு காய்ந்து, துருப்பிடித்து, இறுகும். இறுகிய மரையைத் திருப்புந்தோறும் தண்டு முறுக்குண்டு, ஒருநாள் ஒடியும்.

அன்றிரவு சிறிய தந்தையார் உணவு கொண்டிலர். "அறியாமல் வைத்திருப்பதைவிட விற்றுவிடுவதே நல்லது" என்று மட்டும் கூறினார். அவர் பேணவில்லை என்று யார் கூற வல்லார்? அவர் அன்போடு பேணினார்; ஆயின் அறியாது பேணினார். அறியாது பேணுதல் பேணாமையினும் கொடிது. பேணாத வண்டி கொட்டகையிலேயே நின்றிருக்கும்.

பாட்டனாரின் பெட்டியில் அவ்வண்டியின் கைப்புத்தகம் இருந்தது. அதிலுள்ள பேணும் முறைகளை யான் தமிழில் எழுதி, முதிய மெக்கானிக்கிடம் படித்துக் காட்டி, அவர் தம் பழக்கத்தால் அறிந்தவற்றையும் சேர்த்து ஒரு குறிப்பேடு அமைத்தேன். அதன் சாரமே கீழ்வருவது.

பேணும் முறை

முதலாவது, எண்ணெய். மேற்கூறிய டிரன்னியனில் உள்ள சிறு திருகாணியைக் கழற்றி, 90-ஆம் எண் கியர் எண்ணெயை, அது மேல்வாயில் கசியுமளவும் ஏற்றுதல் வேண்டும். யாங்கள் இதனை ஆண்டுக்கு இருமுறை செய்கின்றோம்.

இரண்டாவது, நீர். பந்தல்குடி நிலத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அதனை வெட்டிச் சிமெண்டு ஆலைக்குக் கொண்டுசெல்வர். அக்கல்லின் வழியே ஊறிவரும் கிணற்றுநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், இயந்திரச் சூட்டில் கரைந்த சுண்ணாம்பு பிரிந்து, குழாய்களின் உட்புறத்தில் அடையாகப் படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெண்மையாகப் படிவதும் இதுவே. அடைபட்ட ரேடியேட்டர் சித்திரை வெயிலில் இயந்திரத்தைக் காக்கமாட்டாது. ஆதலின் வாலைவடிநீரும் கூலன்டும் கலந்தே ஊற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, காற்றும் புழுதியும். சென்னை, தூத்துக்குடி முதலிய கடற்கரை நகர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். எங்கள் கரிசற் பூமியில் காற்று உலர்ந்திருத்தலால் துரு குறைவு. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட அடிச்சட்டம் இன்றும் உறுதியாயிருத்தற்கு இதுவே காரணம். ஆயின் அதே வெயில் இரப்பரை உலர்த்தி வெடிக்கச் செய்யும். அதே காற்று புழுதியை இயந்திரத்துக்குள் செலுத்தும். காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தஞ் செய்தலும், இரப்பர்க் குழாய்களைக் கையால் அழுத்திப் பார்த்தலும் இன்றியமையாதன.

நான்காவது, பெட்ரோல். ஹெரால்டு செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. ஈயம் வால்வுகள் அமரும் இடத்தைத் தேயாமற் காத்துவந்தது. ஆதலின் இவ்வண்டியை நெடுந்தூரம் கடுவிரைவாக ஓட்டுதல் கூடாது. இப்பொழுதோ பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கின்றது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய இரப்பரை இளக்கும். பெட்ரோற் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் தாங்குவனவாக மாற்றுதல் வேண்டும். தொட்டியிற் பெட்ரோலைப் பல மாதம் தேக்கி வைத்தலும் ஆகாது.

ஐந்தாவது, நிறுத்தலும் திருப்பலும். பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலின் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நலம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலுங்கீழும் ஊசலாடும் அமைப்புடையன. விரைவாகத் திரும்பும்போது சடுதியில் வேகத்தைக் குறைத்தால், வெளிப்புறச் சக்கரம் உள்மடிந்து வண்டியின் வால் வழுக்கும். கேசலில் இவ்வமைப்பை மாற்றியதற்குக் காரணமும், நம் நாட்டார் இதனை விரும்பாமையே. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சீராகச் செல்லுதலே இதற்கு மருந்து.

சட்டம்

2021-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார், முதற் பதிவினின்று 50 ஆண்டு கடந்தனவும் பெரிதும் மாற்றப்படாதனவுமாகிய வண்டிகளைத் தனி வகுப்பாக ஏற்று விதிகள் வெளியிட்டனர். அவ்வகுப்பிற் புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க 5,000 ரூபாய். அவ்வாறு பதியப்பட்ட வண்டியைக் காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும், பெட்ரோல் இடவும் பழுதுபார்க்கவும் மட்டுமே சாலையில் ஓட்டலாம், நாள்தோறும் ஓட்டலாகாது. உடையவன் தன் வண்டியை எதற்காக வைத்திருக்கின்றான் என்பதைத் தெளிந்தபின்னரே இவ்வகுப்பிற் சேர்தல் தகும்.

ஓர் ஐயமும் விடையும்

மழைக்கு வானம் பார்த்திருக்கும் ஊரில், குடிநீர்க்குக் குடத்தோடு பெண்கள் நிற்குமிடத்தில், பழைய வண்டி ஒன்றுக்குப் பொருள் செலவிடுதல் தகுமோ என்று நண்பர் ஒருவர் என்னை வினவினார். வினா நேரியதே. இதற்கு எங்கள் வீட்டார் கண்ட விடை மூன்று. வண்டியைக் குடநீரால் கழுவுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கின்றோம். வீட்டுச் செலவுக்கும் கல்விக்கும் போக எஞ்சியதையே அதற்குச் செலவிடுகின்றோம். டயருக்கும் பிரேக்குக்கும் பொருளில்லாத மாதத்தில் வண்டி கொட்டகையை விட்டு வெளிவருவதில்லை. ஏனெனில் பேணப்படாத வண்டி, உடையவன் உயிரோடு எதிரே வருபவன் உயிரையும் பணயமாக வைக்கின்றது.

முடிவுரை

சக்கரம் மாற்றப்பட்டது. சிறிய தந்தையார் விற்கவில்லை. இப்பொழுது திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை மாலையில் முதிய மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வருகின்றார். அவர் கண் மங்கிவிட்டது. ஆதலின் அவர் சொல்ல, சிறிய தந்தையார் செய்ய, யான் எழுதுகின்றேன். ஹெரால்டை அறிந்த கைகள் எங்கள் வட்டாரத்தில் மிகச் சிலவே. அக்கைகள் ஓயுமுன் அவற்றின் அறிவு எழுத்தில் ஏறாவிடின், வண்டி இருந்தும் இல்லாததே ஆகும்.

தமிழ் கற்பார்க்கு மோட்டார் வண்டியோடு என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளைச் செல்லரிக்காமற் காக்க, அவற்றை எடுத்து எண்ணெய் பூசி, சிதைந்தவற்றைப் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். நம் வீடுகளிலும் ஊர்களிலும் கைத்தொழில் அறிந்த முதியோர் பலர் எழுதப்படாத ஏடுகளாக வாழ்கின்றனர். வரும் விடுமுறையில் நம்மில் ஒவ்வொருவரும் அவ்வாறாய ஒருவர் அருகே குறிப்பேட்டோடு அமர்ந்து, அவர் அறிந்ததை நல்ல தமிழில் எழுதி வைத்தல் நம் கடனாம்.